பலாமரத்து ஆணிகள்

மச்சான் வெள்ளையன் போய்விட்டான் என்று பால்காரர் வண்டியை நிறுத்திச் சொன்னபோது நான் கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். தர்மபுரி ஆஸ்பத்திரியில், நெஞ்சுவலியாம். அழுகை வரவில்லை. இனி மலையில் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று தோன்றியது. அவனைப் பற்றிப் படிக்கிற உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு எழுத்து தெரியாது. சொல்வதைப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதுகிறார்.

வத்தல்மலையில் யார் விழுந்தாலும் கயிற்றோடு இறங்கியவன் நான். முன்பெல்லாம் தேன் எடுக்கப் போனவர்கள் விழுந்தார்கள். ரோடு வந்த பிறகு டவுன் பையன்கள், ஈரப்பாறை விளிம்பில் நின்று செல்போனில் படம் எடுத்தவர்கள். ஒரே மழைக்காலத்தில் மூன்று பேரைத் தூக்கினேன். பேப்பரில் என் படம் வந்தது.

அடுத்த மாசமே வெள்ளையன், என் பெண்சாதியின் தம்பி, பாறைக்குப் போகிற வழியில் பலாமரத்தில் ஆணி அடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மேலே போகிறவர்களின் பைக் சாவியை வாங்கி மாட்டுவான். இறங்கி வந்தால்தான் சாவி. மழை இருட்டினால் ஒருத்தரையும் விடமாட்டான். அவனுக்கும் எழுத்து தெரியாது, ஆணிதான் நோட்டு. பொழுது சாயும்போது சாவி மிச்சம் என்றால், மேலே ஆள் மிச்சம்.

"தொப்பூரு டோல்கேட்டுல கூட இந்தக் கெடுபிடி இல்லியே மச்சான்" என்றேன்.

"உங்க கவுறு மூலையிலயே கெடக்கட்டும்னுதான் மாமா உக்காந்திருக்கேன்" என்றான்.

அப்படியே கிடந்தது, இரண்டு வருஷம். யாரும் விழவில்லை. என்னைத் தேடி யாரும் வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அவனே என் வூட்டுக்கு ஓடிவந்தான். ஆணியில் ஒரு சாவி. பாறைக்குக் கீழே கால் ஒடிந்து கிடந்த பையனை நான் இறங்கிக் கட்டினேன். மேலேயிருந்து அவனும் ஊர்க்காரர்களும் இழுத்தார்கள். பையனைப் பெற்றவள் வந்து வெள்ளையன் காலில் விழுந்தாள். "அவருதாங்க எறங்குனாரு" என்று என்னைக் காட்டினான். "நீங்க தேடலன்னா யாருக்குங்க தெரிஞ்சிருக்கும்?" என்றாள். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் சுட்டது.

வெள்ளையனின் காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். முதலில் வந்தவன் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அந்தத் தாத்தா இல்லீங்களா?" என்று கேட்டான். செத்த பிறகும் அவன்தான்.

அன்றைக்கு ஏழு சாவி. ஏழும் திரும்பிப் போயின. அவனுடையது என்று எனக்கு மிஞ்சியது அந்த ஆணிகள்தான். பொழுது சாயக் காலியாய் நின்ற அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் சாயங்காலம் சாயங்காலம் இந்தக் காலி ஆணிகளை அவன் ஒருத்தனாய்ப் பார்த்துவிட்டு வூட்டுக்குப் போயிருக்கிறான்.