மாதா சிலையில் மீன் கண்

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாவது பாதி வரைக்கும்தான் படிச்சேன். முன்னாடி சொல்ல வேண்டியதைப் பின்னாடி சொல்லுவேன், சிலது மறந்தும் போச்சு. மன்னிச்சுக்கணும். எங்க சர்ச் பங்குல பெண்கள் எல்லாரும் அவங்கவங்க பார்த்த வேலையைப் பத்தி எழுதணும்னு ஆளுக்கொரு நோட்டு குடுத்தாங்க. மைக்ல பேசச் சொல்லாம விட்டாங்களேன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

நான் பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்துல குக்கர் ரிங் செய்யற கம்பெனியில வேலை பார்த்தேன். அரியாங்குப்பத்துல எங்க தெரு முனைக்குக் காலையில கம்பெனி வேன் வரும். கறுப்பு ரப்பர்லயும் ரிங் போடுவோம், வெள்ளை சிலிக்கான்லயும் போடுவோம். சிலிக்கான் வரும்போது பிசைஞ்ச மைதா மாவு மாதிரி கட்டி கட்டியா வரும். ரெண்டு இரும்பு உருளைக்கு நடுவுல அதை விட்டு, வேக வைக்கிற மருந்தைச் சேர்த்து அரைப்பாங்க. நாடாவா வெட்டி, எடை பார்த்து, அச்சுல வெச்சு, சூட்டு பிரஸ்ல அழுத்துவாங்க. கொஞ்ச நிமிஷத்துல ரிங்காயிடும். பிசிறு வெட்டினதுக்கு அப்புறம் அடுப்புல ரொம்ப நேரம் வெச்சாதான் மருந்து நெடி போகும்.

என் வேலை கறுப்பு ரப்பர் பிரஸ்ல. ஒவ்வொரு தடவையும் ரப்பர் வைக்கறதுக்கு முன்னாடி அச்சுக்கு ரிலீஸ் அடிக்கணும். ரிலீஸ்னா ரப்பர் அச்சுல ஒட்டாம இருக்க அடிக்கிற மருந்து. சிலிக்கான் எண்ணெயைத் தண்ணியோட கலந்து வெச்சிருப்பாங்க, பார்க்கப் பால் மாதிரியே இருக்கும். நாங்க பால்னுதான் சொல்லுவோம். அதுல இன்னும் தண்ணி ஊத்தி, சூடான அச்சு மேல அடிச்சா ஸ்ஸ்ஸுன்னு ஆவி பறக்கும். தண்ணி போயிடும், கண்ணுக்குத் தெரியாம எண்ணெய் மட்டும் நிக்கும். கம்மியா அடிச்சா ரிங் அச்சோட ஒட்டிக்கினு கிழியும். அதிகமா அடிச்சா ரப்பரும் ரப்பரும் சேராம ரிங்ல கோடு விழும். வெள்ளை ரிங்குக்கு இந்தப் பால் ஆகாது. அதுவும் சிலிக்கான், இதுவும் சிலிக்கான், ஒண்ணை ஒண்ணு குடிச்சிடும். அதுக்கு வேற மருந்து.

அதிகமா விழுந்த பாலை பனியன் துணியால ஒத்தி எடுப்பேன். அந்தத் துணி இருக்கே, எதைத் தொடச்சாலும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். எவ்வளவு சோப்பு போட்டாலும் அந்த வழவழப்பு போகாது. ஒரு துண்டை சாப்பாட்டுப் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். தையல் மிஷின், டிவி, பீரோ கண்ணாடி எல்லாத்தையும் அதால தொடப்பேன். வீட்டுக்கு வந்தவங்க பளபளப்பைப் பார்த்துட்டுக் கேப்பாங்க. எனக்குப் பெருமையா இருக்கும்.

என் வீட்டுக்காரர் ஸ்ப்ரே பெயிண்டர். முன்னாடி வேலை பார்த்த மில்லு மூடினதுக்கு அப்புறம் கத்துக்கின தொழில். வண்டி டேங்குக்கு அவர் பெயிண்ட் அடிச்சா அதுல முகம் பார்க்கலாம். கண் ஆபரேஷன் ஆனதுக்கு அப்புறம் வேலை குறைஞ்சு போச்சு. கையும் லேசா நடுங்க ஆரம்பிச்சது. ஒரு வருஷமா யாரும் கூப்பிடல. அந்த வருஷம் மாதா திருவிழா கொடியேத்தத்துக்கு முன்னாடி எங்க தெரு கெபியில, அதான் குகை மாதிரி கட்டின சின்னக் கோயில்ல, இருக்கற மாதா சிலைக்குப் புதுசா பெயிண்ட் அடிக்கணும்னு பேச்சு வந்தது. கெபி கமிட்டித் தலைவர் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். "நம்ம தெருவுலயே ஆள் இருக்கும்போது வெளியில எதுக்கு?"ன்னாரு. பின்னால நின்ன ஒருத்தர், "ஆள் இருக்கான், கை இருக்குதா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சிரிச்சாரு. வீட்டுக்கு வந்து என்கிட்ட மட்டும் சொன்னாரு: "இது சரியா வரலன்னா பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரசரைக் காயிலாங்கடையில போட்டுடுவேன். அப்புறம் இந்தத் தொழில் பேச்சே வேணாம்."

சிலை எங்க வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டாய்க்கு வந்தது. இடுப்பு உயரம், ஃபைபர் சிலை. இவர் தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புப் பேப்பர் போட்டுத் தேய்ச்சு, அடிப்பூச்சா பிரைமர் அடிச்சு, மறுபடி தேய்ச்சாரு. நாலு நாள் ஆச்சு. தினம் காலையில வேனுக்குப் போறதுக்கு முன்னாடி நான் போய் ஒரு கும்பிடு போடுவேன். முகமெல்லாம் தேய்ச்ச தூசி. மாதா இப்படி நிக்கறாங்களேன்னு மனசு கேக்காம, அந்தத் துணியால முகத்தையும் மேலங்கியையும் நல்லா தொடச்சு விட்டுட்டுப் போவேன்.

அஞ்சாம் நாள் நீலம் அடிச்சாரு. நான் வேலையில இருந்து வந்தப்போ சிலைக்கு முன்னாடி ஸ்டூலைப் போட்டு உக்காந்திருந்தாரு.

"ஏம்மே, இங்க வா. இதுல புள்ளி புள்ளியா தெரியுதா? இல்ல என் கண்ணுக்குத்தான் தெரியுதா?"

தெரிஞ்சுது. பெயிண்ட் அங்கங்க ஒதுங்கி, வட்டம் வட்டமா குழி விழுந்திருந்தது. ஒவ்வொரு குழிக்கு நடுவுலயும் பிரைமர் எட்டிப் பார்த்தது. "கொஞ்சமாத்தான் இருக்குதுங்க"ன்னேன். கம்ப்ரசர் காத்துல தண்ணி கலந்திருக்கும்னு நினைச்சு அதைத் திறந்து விட்டாரு. மறுநாள் தேய்ச்சுட்டுத் திரும்ப அடிச்சாரு. முன்னைவிட அதிகமா வந்தது. அன்னைக்கு ராத்திரி சோறு வெச்சேன், தட்டுல கை வெச்சபடி கையையே பார்த்துக்கினு இருந்தாரு. நான் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊத்தினேன்.

அடுத்த நாள் கம்பெனியில மதிய சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு சத்தம். பக்கத்து ஷெட்டுல பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க. அங்க இருக்கற மேஸ்திரி எங்க சூப்பர்வைசர்கிட்ட சண்டைக்கு வந்துட்டாரு.

"யோவ், ஜன்னலைச் சாத்திக்கினு அடிங்கய்யா உங்க பாலை! காத்துல வந்து என் கதவு பூரா மீன் கண்ணு!"

"காத்துல மீன் எப்படிய்யா வரும்?"

"வந்து பாரு, வறுத்தே தர்றேன். சிலிக்கான் ஒரு சொட்டு பட்டா போதும், பெயிண்ட் அங்க நிக்காது. ஒதுங்கி ஓடிடும். வட்டமா குழி விழும்."

என் கையில துணி இருந்தது. அப்படியே கீழ போட்டுட்டேன்.

வெளி ஆம்பளைங்ககிட்ட நான் தானா போய்ப் பேசினதே கிடையாது. அன்னைக்கு அந்த மேஸ்திரி பின்னாடியே போய் அவர் ஷெட் வாசல்ல நின்னேன். இன்னாம்மான்னாரு. தலையைக் குனிஞ்சுக்கினு, "மீன் கண்ணு வந்துட்டா என்ன பண்ணணும்ணா?"ன்னு கேட்டுட்டேன்.

அவர் பொறுமையாத்தான் சொன்னாரு. "முதல்ல தேய்க்கக் கூடாது. தேய்ச்சா எண்ணெய் உள்ள ஏறிடும். சுத்தமான துணியைத் தின்னர்ல நனைச்சுத் தொடைக்கணும். காயறதுக்குள்ள இன்னொரு புதுத் துணியால ஒத்தி எடுக்கணும். அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுடணும். அதையே திருப்பித் தொட்டீங்கன்னா எண்ணெயை ஊர்கோலம் கூட்டிக்கினு போறீங்கன்னு அர்த்தம். நாலஞ்சு தடவை இப்படிச் செஞ்சதுக்கு அப்புறம்தான் பேப்பர் போடணும்."

அரை நாள் லீவு சொல்லிட்டு பஸ் பிடிச்சு வந்தேன். அரியாங்குப்பம் ஆத்துப் பாலம் வர்ற வரைக்கும் எப்படிச் சொல்றதுன்னு வாய்க்குள்ளயே சொல்லிப் பார்த்தேன். வீட்டு வாசல்ல மினி வேன் நின்னுது. கமிட்டித் தலைவரும் இன்னும் ரெண்டு பேரும் சிலையைச் சாக்குல சுத்திக்கினு இருந்தாங்க. இவர்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்காரு. "என்னால ஆவல, வேற ஆளைப் பாருங்க"ன்னு சொல்லிட்டு, முகத்தைக் காட்டாம சாக்குக்கு முடிச்சுப் போட்டுக்கினு இருந்தாரு.

தனியா கூப்பிட்டுச் சொல்லலாம்னுதான் நினைச்சேன். ஆனா இவருக்குக் கையில்லைன்னு எல்லார் முன்னாடியும்தானே சொன்னாங்க? அங்கயே சொன்னேன். குரல் எனக்கே கேக்கல.

"அவர் கை நல்லாதான் இருக்குது. நான்தான் மாதாவை கம்பெனித் துணியால தொடச்சுட்டேன். அதுல எண்ணெய். பெயிண்ட் நிக்காது."

தலைவருக்குத்தான் முதல்ல சிரிப்பு வந்தது. "ஏம்மா, மாதாவுக்கே குக்கர் ரிங் எண்ணெயா?" மத்தவங்களும் சிரிச்சாங்க. இவர் மட்டும் சிரிக்கல. முடிச்சை விட்டுட்டு, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அப்புறம் என்னைப் பார்த்து, "தினமுமா தொடச்சே?"ன்னு கேட்டாரு.

"தினமும்தாங்க."

"நல்லா?"

"நல்லா."

"அடிப் பாவி"ன்னாரு. கண்ணு கலங்கியிருந்தது. "அவிழ்யா சாக்கை"ன்னு தலைவருக்கே உத்தரவு போட்டாரு.

என்னோட பழைய காட்டன் புடவை ரெண்டைக் கிழிச்சேன். அவர் தின்னர்ல தொடச்சுக்கினே போவாரு, நான் பின்னாடியே புதுத் துண்டால ஒத்தி எடுத்துப் போடுவேன். ஒத்த துண்டைக்கூட ரெண்டாம் தரம் தொட விடல. அடுத்த நாள் பேப்பர், அதுக்கு அடுத்த நாள் பிரைமர், அப்புறம் நீலம். நான் தூரமா நின்னு, மூச்சை அடக்கிக்கினு பார்த்தேன். நீலம் அப்படியே படிஞ்சு நின்னுது. ஒரு குழி இல்ல.

முகத்துக்குக் கண்ணும் புருவமும் பிரஷ்ல எழுதணும். அது ஒண்ணுக்கு மட்டும் அவருக்குக் கை நடுங்கறது நெசம்தான்.

"இங்க வா"ன்னாரு. போனேன். "கை கழுவினியா?"

"கழுவினேங்க."

"இன்னொரு தடவை கழுவிட்டு வா. சோப்பு போட்டு."

கழுவிட்டு வந்து அவர் மணிக்கட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கினேன். அவர் எழுதினாரு. முதல் புருவம் அப்படியே முடிஞ்சுது. ரெண்டாவது புருவத்துக்கு, "கொஞ்சம் தளர்த்திப் பிடி, நானே போவேன்"ன்னாரு.

அதுக்கு அப்புறம் அவருக்கு நாலஞ்சு சிலை வேலை வந்தது. கம்ப்ரசர் இன்னும் கொட்டாயிலதான் இருக்குது.

இதுல பாலுக்குத் தண்ணி எவ்வளவு ஊத்துவோம்னு எனக்கு ஞாபகம் இல்லாததால எழுதல. வெள்ளை ரிங்குக்குப் போடற மருந்தோட பேரும் மறந்துட்டேன். ஃபைபர் சிலைக்கு எந்தத் தின்னர் ஆகும்னும் எனக்குச் சரியா தெரியல, யாராவது இதைப் படிச்சுட்டுச் சிலையைக் கெடுத்துக்கக் கூடாது. ரப்பர் கம்பெனியில இருந்தவங்க, பெயிண்ட் வேலை தெரிஞ்சவங்க யாராவது ஒரு தடவை பார்த்துத் தப்பைத் திருத்திக் குடுங்க. என் வீட்டுக்காரர்கிட்டயே காட்டலாம்தான். எனக்கு வெக்கமா இருக்குது.