வரையாட்டுக் குட்டியும் புகார்ப் புத்தகமும்

காட்டு மிருகங்களைப் பார்க்க வருகிற மனிதர்களைச் சமாளிப்பதுதான் பூங்கா வாட்ச்சர் வேலை. பஸ் கண்டக்டரோ ரேஷன் கடைக்காரரோ, ஜனங்களிடம் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசி. எங்கள் மலையைத் தேசியப் பூங்கா ஆக்கியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் லீவுக்குக் கூட்டம் அலைமோதியது. நான் தற்காலிக வாட்ச்சர். சீசன் முடிகிறவரை என் பேரில் புகார்ப் புத்தகத்தில் ஒரு வரிகூட விழாவிட்டால் வேலை நிரந்தரம், கூடவே குவார்ட்டர்ஸ் என்று எங்கள் மலையாளி ரேஞ்சர் சொல்லியிருந்தார். சின்னக்கானல் எஸ்டேட்டில் அப்பா ஜனவரியோடு ரிட்டயர். அதோடு எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்தாக வேண்டும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன்.

எடை போட்டவர்

முதலமடை மாங்காய் வியாபாரி ஒருவர், சொந்தபந்தம் அத்தனை பேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். எங்கள் வரையாடுகளுக்கு மனிதப் பயம் கிடையாது, சாலையோரமே வந்து நிற்கும். இந்த மலைத்தொடரை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். ஒரு கிடாவைக் கொம்பிலிருந்து வால்வரை கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தவர் கேட்டார்:

“அதெல்லாஞ் செரிங்க. உரிச்சா கறி எத்தன கிலோ நிக்குமுங்க?”

கல்பாத்தித் தம்பதி

பாலக்காடு கல்பாத்தியிலிருந்து வந்த பாங்க் அதிகாரிக்கு யானை வேண்டும், இல்லாவிட்டால் புலி. ஆடுதான் என்றதும் முகம் சுண்டிப்போய்ப் புகார்ப் புத்தகத்தைக் கேட்டார். ஆபீஸ் பைனாகுலரை அவர் கையில் திணித்து, சார் சார் என்று குழைந்து, ஒருவழியாக மனசை மாற்றினேன். அவர் மனைவி பைனாகுலரை வாங்கி ஒரே நிமிஷம் பார்த்தார்.

“இதுக்கா ரெண்டு நாள் லீவு போட்டேள்? நம்ம தெருக்கோடியிலயே நாலு நிக்கறதே!”

மடியில் வைக்க

டிசம்பர் கடைசியில், சாலைக்குச் சற்று மேலே ஒரு பெட்டை ஆடு குட்டி போட்டிருந்தது. குட்டிக்கு இன்னும் கால் நிலைக்கவில்லை. மதுரை வக்கீல் ஒருவர் தடுப்புக் கயிற்றைத் தாண்டிவிட்டார். மகள் அதை மடியில் வைத்துப் போட்டோ எடுக்க வேண்டுமாம்! மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் சார் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. லயத்து வீடு ஒரு நிமிஷம் கண்ணில் வந்து போனது. ஆனாலும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டேன். அந்த ஆள் மேல் வந்த வெறுப்பு இன்னும் தீரவில்லை. புகார்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் நிறைய எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

“டிக்கெட்டு வாங்கிட்டுத்தானய்யா உள்ள வந்தோம்? அப்புறம் தொடாதங்கிறதுக்கு நீ யாரு?”

ரேஞ்சர் தீர்ப்பு

ரேஞ்சர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நான் செய்ததுதான் சரி, இதைப் புகாராகவே எடுக்கப்போவதில்லை, குவார்ட்டர்ஸ் எனக்குத்தான் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று கதவுவரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டார்.

“ஞாயித்துக்கிழம என்ட பிள்ளைங்க வரும், முத்து. அந்தக் குட்டிய கொஞ்சம் பிடிச்சு வெக்கணும். ஒரு போட்டோ மதி, அது போதும்.”

நான் பிடித்து வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் அழுதுகொண்டே போனார்கள். திங்கட்கிழமை வக்கீலின் புகார் மறுபடியும் புகார் ஆகிவிட்டது. பிப்ரவரியில் அப்பாவோடும் சட்டிபானைகளோடும் போடிக்கு இறங்கினேன்.

இப்போது அங்கே ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறேன்; திரையில் தெரிகிற எதையும் பிடித்து மடியில் வை என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.