பட்டியலில் இல்லாத நாட்டுக்கு ஒரு பார்சல்

கூரியர் கவுண்டரில் நிற்பவனுக்கு உலகம் என்பது கம்ப்யூட்டரில் விரியும் ஒரு பட்டியல்தான். அதில் இல்லாத ஊருக்குப் பார்சல் கொண்டுவருகிறவர்தான் அவனுக்கு ஏழரைச் சனி. கால் கடுக்க நின்று, முகம் சுளிக்காமல் வாடிக்கையாளருக்குப் பதில் சொன்னவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆக்லாந்தில், சான்ட்ரிங்ஹாம் ரோட்டில், லோகா அக்காவின் கடையில் ஐந்து வருஷம் நின்றேன். அக்கா மலேசியா, நான் மன்னார். 2012 வாக்கில் வந்த நீனாவைப் போல் என்னை யாரும் படுத்தவில்லை.

ஜோர்ஜியாவில் போட்டேன்

நீனா விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்தார். நகரின் தெற்கே பாபடோயிட்டோயிலிருந்து பஸ் மாறி வந்தார். அங்கிருந்த இரண்டு கடைகள் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன. மூன்று மாதக் கர்ப்பம். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவைப் பிரசவத்துக்கு அழைக்க வேண்டும். விசாவுக்கான அழைப்புக் கடிதமும் மற்ற மூலப் பத்திரங்களும் ஒரு தடித்த உறையில் இருந்தன. விலாசம் சுகுமி, அப்காசியா.

அப்படி ஒரு நாடு பட்டியலில் இல்லை. இந்தப் பெண் ஏதாவது தில்லுமுல்லு செய்கிறாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். வரைபடத்தைத் திறந்தால் ஊர் ஜோர்ஜியாவுக்குள் கிடந்தது. பெரிய கெட்டிக்காரன் மாதிரி ஜோர்ஜியாவை அழுத்தி அனுப்பிவிட்டேன். ஐந்து வாரம் கழித்து உறை அந்த நாட்டுத் தலைநகரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. நீனா அதை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "நாங்கள் சண்டை பிடித்துப் பிரிந்த நாட்டுக்கே என் அம்மாவின் விலாசத்தை அனுப்பி வைத்திருக்கிறாய்!"

தீவுக்காரரின் சிநேகிதர்கள்

அப்போது வரிசையில் பின்னால் நின்றவர் துவாலு தீவைச் சேர்ந்த ஒரு பாதிரியார். மாதம் ஒரு பெட்டி ஊருக்கு அனுப்புவார். அப்காசியா என்ற பெயர் காதில் விழுந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ரஷ்யா அதைத் தனிநாடு என்று ஏற்றுக்கொண்ட பிறகு இன்னும் நாலைந்து நாடுகள் ஏற்றனவாம். அதில் அவருடைய குட்டித் தீவும் ஒன்றாம். ஏன் ஏற்றார்கள் என்று கேட்டேன். பசிபிக் கடலின் நடுவில் இருப்பவர்களுக்குக் கருங்கடல் கரையில் என்ன வேலை என்று எனக்குச் சந்தேகம்.

பாதிரியார் நீனாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "உங்கள் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது தம்பி, என் வாழ்க்கையில் நான் பார்க்கிற முதல் அப்காசியாக்காரி இந்தப் பிள்ளைதான்."

சும்மா தருவார்களா?

இரண்டாம் முறை அப்காசியா எல்லையை ஒட்டி, ரஷ்யாவின் சோச்சி நகரிலிருக்கும் நீனாவின் மச்சான் பெயருக்கு அனுப்பினோம். அவர் எல்லை ஆற்றுப் பாலத்தைக் கடந்து கையோடு கொடுத்துவிடுவார். ஆனால் வேறொரு முடிச்சு இருந்தது. அம்மாவிடம் இருந்தது உள்ளூர் பாஸ்போர்ட். அதைக் காட்டினால் எந்த விமானக்காரனும் நியூசிலாந்துக்கு ஏற்றமாட்டான். சுகுமியில் ரஷ்யா திறந்திருக்கும் தூதரகத்துக்குப் போய் ரஷ்ய பாஸ்போர்ட் வாங்க வேண்டும். அக்கம்பக்கம் முழுவதும் எப்போதோ வாங்கிவிட்டது. அம்மா மட்டும், பதிலுக்கு என்ன கேட்பார்கள் என்று கேட்டு, வருஷக் கணக்காக மாட்டேன் என்று நின்றார்.

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று. யுத்த காலத்தில் நான் மன்னாரை ஒட்டிய, புலிகள் இயக்கத்தின் கையிலிருந்த வன்னியில் இருந்தவன். என் சொந்த அக்காவின் தலைப்பிரசவத்துக்கு எங்கள் அம்மா, ராணுவத்தின் கையிலிருந்த மன்னார் டவுனுக்குப் போக இயக்கத்திடம் பாஸ் கேட்டு நின்றோம். பிணையாள் கையெழுத்து, பொறுப்பாளர் கையெழுத்து என்று அலைந்து முடிய, பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவும் ஆகிவிட்டது. எங்களுக்கு ஒருவரும் தூதரகம் திறக்கவில்லையே என்று நீனாவைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருந்தது. திறந்திருந்தால், ஏன் திறந்தார்கள் என்று யோசித்தே நித்திரை கெட்டிருப்பேன். அப்காசியாவில் ரஷ்யர்கள் முதலில் பாஸ்போர்ட் கொடுத்தார்கள். பிறகு சண்டை வந்தபோது எங்கள் பிரஜைகளைக் காக்க வந்தோம் என்று படையோடு வந்தார்கள். அதற்கும் பிறகுதான் தனிநாடு, தூதரகம் எல்லாம். இதையெல்லாம் நீனாவிடம் எடுத்துச் சொல்லி, "சும்மா தருவார்களா?" என்று கேட்டேன். நீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். உள்ளேயிருந்து லோகா அக்கா கத்தினார்: "பிள்ள பொறக்கப் போவுது, நீ அங்க அரசியல் பேசிக்கிட்டு நிக்கிற, பார்சல ஒட்டுயா!"

அம்மா வந்தார்

பிரசவத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அம்மா வந்து இறங்கினார். அடுத்த வாரமே மகளோடு கடைக்கு வந்தார். தலையில் துணி கட்டிய, நெடிய, அதிகம் சிரிக்காத மனுஷி. விசாப் பக்கத்தைப் போட்டோகாபி எடுக்க வேண்டுமாம். சிவப்பு ரஷ்ய பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டினார். புத்தம் புதிது, மடிப்புக்கூட விழவில்லை. மகள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் என் வாயை அடக்கியிருக்க வேண்டும். முடியவில்லை. அதைக் கொடுத்த தூதரகத்தில் பதிலுக்கு என்ன கேட்டார்கள் என்று நீனா மூலம் விசாரித்தேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன் கேள்வியையே கேட்கிற ஒருவனை உலகத்தின் கடைசி மூலையில் கண்டுபிடித்துவிட்டது போல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு மெதுவாகச் சொல்ல, நீனா மொழிபெயர்த்தார்: "ஒன்றும் கேட்கவில்லை, தேநீர் கொடுத்து, இனி நீங்கள் எங்கள் பிரஜை, உங்களைப் பாதுகாப்பது எங்கள் கடமை என்றார்கள், அன்றிலிருந்து நான் வீட்டுக் கதவை இரண்டு தரம் பூட்டுகிறேன்."

எனக்கு நியூசிலாந்து பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று நானும் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தேன் என்பதை, கவுண்டரில் நின்று காலம் தள்ளிய உங்களிடம் மட்டும் சொல்லிவைக்கிறேன்.