பேருந்தில் உப்புப் பார்த்தவர்

திண்டிவனத்தில் விழுப்புரம் பேருந்து ஏறியபோது அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கடல் ஆராய்ச்சியாளராம். பேண்டில் முட்டிவரை சேறு, மடியில் மரக்காணத்து அலையாத்திச் செடிகளுக்கடியில் பிடித்த தண்ணீர் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டெடுத்துச் சின்னக் குழாய்க் கருவியின் கண்ணாடியில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார் பாக்குறீங்க?" என்றார் முன்சீட்டு அம்மா.

"உப்புப் பாக்குறேம்மா."

அந்த அம்மா உடனே கையிலிருந்த தூக்குச் சட்டியைத் திறந்தார். "சம்பந்தி வூட்டுக்கு வத்தக்குழம்பு எடுத்துக்கினு போறேன். கிருத்திகை விரதம், வாயில வெக்கல. இதையும் பாத்துடுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. குழம்பிலும் ஒரு சொட்டெடுத்துக் கண்ணாடியில் விட்டு, வெகுநேரம் பார்த்தார்.

"கடலவிட கம்மிதாம்மா."

"அப்பாடா!" என்று தூக்கை மூடினார் அந்த அம்மா.

இப்போதெல்லாம் வீட்டில் குழம்பு கரித்தால், நானும் கடலை நினைத்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டுவிடுகிறேன்.