கிணற்றுக் கயிற்றின் நீளம்

ஐப்பசி மழையில் திண்டுக்கல்லில் ஒரு வீடு பார்த்தோம். கூட்டுறவுச் சங்கத்தில் வீட்டுக்கடன் தயாராக இருந்தது. முற்றத்துக் கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டியது.

"தை பொறந்தா விலை ஏறிரும் சார், இந்த மாசமே பத்திரத்தை முடிச்சிருவோம்" என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். எனக்குச் சந்தேகம் தட்டியது.

ராட்டினத்தருகே சுருட்டி மாட்டியிருந்த கயிற்றை என் மனைவி தொட்டுப் பார்த்தாள். "தண்ணி இம்புட்டு மேல கெடக்கு. கயிறு எதுக்குண்ணே அம்புட்டு நீளம்?"

அவர் காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். "சித்திரையில வாரோம்" என்று எழுந்துவிட்டேன்.

சித்திரையில் அங்கே வேறொருவர் குடியிருந்தார், வீட்டை வாங்கியவர். அதே கயிறு முழுதும் இறங்கி, வெறும் வாளியோடு மேலே வந்தது.

இப்போது கோடையில்தான் வீடு பார்க்கப் போகிறோம். பத்திரத்தைக் கேட்பதற்கு முன் கயிற்றை அவிழ்த்துப் பார்க்கிறோம். கயிறு புதிதாக இருந்தால், பழையது எங்கே என்று கேட்கிறோம்.