மச்சானுக்குக் கொடுத்த காளான்

என் மனைவியின் தம்பி அன்சாரை நான் ஒரு சுண்டெலியாக நினைத்தேன். விஞ்ஞான ஆசிரியன் என்ற பெயர் வேறு எனக்கு... இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு சிரிப்பு வராது.

சூறாவளியில் அவனுடைய தோணி கவிழ்ந்தது. கூட்டாளிகள் இருவர் கடலோடு போனார்கள். இவன் மட்டும் கரையொதுங்கினான். அதன்பின் அவன் கடலுக்குப் போகவில்லை. வேறு தொழிலும் தெரியாது. “பொண்டாட்டி ஊட்டுல குந்தித் தின்னவா வந்த?” என்று அவனுடைய மாமியார் கேட்கத் தொடங்கியிருந்தார்.

அந்நேரம் பார்த்து ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகை என் கையில் அகப்பட்டது. ஒருவகைக் காளானின் சத்து, மூளையிலுள்ள செரட்டோனின் என்ற இரசாயனத்தைப் போல வேடமிட்டு உள்ளே நுழைகிறதாம், சுண்டெலிகள் தலையைச் சிலுப்புகின்றனவாம், நடத்தையே மாறுகிறதாம்.

எருமைச் சாணத்தில் முளைத்திருந்த அவ்வகைக் காளானைப் பறித்துவந்து, பொறியில் விழுந்த சுண்டெலி ஒன்றுக்குக் கொடுத்தேன். தலையைச் சிலுப்பியது. திறந்துவிட்டேன். நேரே பூனையின் முன்னால் போய் நின்றது.

பூனை தின்றுவிட்டது. நானோ, அதற்குப் பயம் போய்விட்டது, அன்சாருக்கும் போகுமென்று முடிவுகட்டினேன். பூனையைப் பூனையென்று அறியாமல் நிற்பதற்குப் பெயர் தைரியமா?... அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லையே!

மனைவி கலியாண வீட்டுக்குப் போயிருந்த ஒரு பகலில், காளானைத் தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணக் கறியாக்கி அன்சாருக்குச் சோறு போட்டேன்.

“என்ன மச்சான், சாணி மணக்குது?”

“வயல் காளான் அப்படித்தான்.”

சற்று நேரத்தில் அவன் தண்ணீர்க் குடத்தையே உற்றுப் பார்த்தான்.

“மச்சான்... அவனுகள் ரெண்டு பேரும் இதுக்குள்ளதான் இரிக்கானுகள்.”

மயக்கம் மறுநாள் தெளிந்தது. குடத்துக்குள் இருந்தவர்கள் போகவில்லை. முன்பு கடலுக்கு மட்டும் பயந்தவன், இப்போது கிணற்றடிக்கும் போவதில்லை. பள்ளிவாசலில் எல்லோரும் தொழுகைக்குமுன் தண்ணீரில் முகம் கைகால் கழுவி வுளூச் செய்ய, அவன் சுவரோரம் குந்தி, மண்ணைத் தொட்டு முகத்தில் தடவித் தயம்மம் செய்கிறான். நோயாளிக்கு அனுமதி உண்டென்று மௌலவி சொல்லிவிட்டார். சூறாவளி செய்த வேலை என்று ஊர் சொல்கிறது. நானும் தலையாட்டுகிறேன்... சிலுப்புகிறேனா?

வெகுகாலம் கழித்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

“திண்ட கோப்பையைக்கூடக் கழுவாத மனிசன், அண்டைக்கு ஆணச்சட்டியக் கழுவிக் கவுத்து வெச்சிருந்தீங்க. அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு.”