மெஹருன்னிசாவுக்கு வாய்த்த நாடுகள்

கொச்சி மட்டாஞ்சேரிப் பெண்கள் பள்ளி ஒன்றில் திரிபுரசுந்தரி கணக்கு டீச்சர், மெஹருன்னிசா பௌதிக டீச்சர். இரண்டு பேருக்கும் பாலக்காட்டுப் பக்கம், வீட்டில் தமிழ். மதியச் சாப்பாட்டை ஒன்றாகத்தான் பிரிப்பார்கள். 1976-ல் நைஜீரியாவுக்கு ஆசிரியர்கள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் விண்ணப்பமும் ஒன்றாகவே போட்டார்கள். வெள்ளைக்காரன் வெளியேறிப் பதினாறு வருஷம் ஆன நாடு அது. எண்ணெய்ப் பணத்தில் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் கட்டிவிட்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை.

நேர்முகத் தேர்வில், "உடனே புறப்பட முடியுமா?" என்று கேட்டார்கள்.

"வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள் திரிபுரசுந்தரி.

கணவனை இழந்திருந்த மெஹருன்னிசா, "எந்தத் தேதிக்கு?" என்றாள்.

வீட்டுக்காரர் வெங்கிடாசலம் மறுக்கவே இல்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு, "ஆசைன்னா போயேன்" என்றார். அதற்குள் தேர்வானவர்கள் பட்டியல் வந்துவிட்டது; அதில் மெஹருன்னிசா பெயர் மட்டும் இருந்தது.

மெஹருன்னிசா நைஜீரியாவின் கானோ நகரிலிருந்து கடிதம் எழுதினாள். அவள் அனுப்பிய பணத்தில், பள்ளிக்குப் போகிற வழியில், சுள்ளிக்கலில் அவளுடைய வீடு எழும்பியது. அந்த வீட்டைப் பார்க்க வேண்டாமென்று திரிபுரசுந்தரி பஸ்ஸில் மறுபக்க ஜன்னலில் உட்காருவாள். பேப்பரில் நைஜீரியா என்ற பெயரைத் தேடிப் படிப்பது பழக்கமாயிற்று. எண்ணெய் விலை விழுந்தது. 1984 புத்தாண்டன்று பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டதாகச் செய்தி வந்தபோது அவள் பாயசம் வைத்தாள்.

"என்ன விசேஷம்?" என்றார் வெங்கிடாசலம்.

"ஒண்ணுமில்லை. பால் மிஞ்சிடுத்து."

இரண்டு வருஷம் கழித்து, பல மாதச் சம்பளம் நின்றுபோய் மெஹருன்னிசா திரும்பி வந்தாள். போகும்போது எடுத்திருந்த நீண்ட லீவு முடிந்து இங்கே பள்ளி வேலையும் போயிருந்தது. பேரலல் காலேஜ் என்கிற தனியார் டுடோரியலில் குறைந்த சம்பளத்துக்கு வகுப்பெடுத்தாள். தலைமையாசிரியை ஆகிவிட்டிருந்த திரிபுரசுந்தரி துக்கம் விசாரிக்கிற முகத்தோடு அவளைப் பார்க்கப் போனாள். மேல்மாடி பூசாமல் நின்றதைப் படியேறும்போதே கவனித்துக்கொண்டாள்.

மெஹருன்னிசா சாயா போட்டாள். "காசு இருந்தப்ப அங்க டீச்சர் இல்ல. நாங்க போய்ப் பிள்ளைங்க படிச்சு வந்தப்ப காசு தீந்துபோச்சு" என்றாள். பிறகு ஒரு கடிதத்தை நீட்டினாள். "என் கிளாஸ்ல இருந்த குட்டி. இப்ப இஞ்சினீயருக்குப் படிக்குது. அந்தக் குடும்பத்துல பள்ளிக்கூடம் போன முதல் பொண்ணு."

திரிபுரசுந்தரி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். இருபத்தைந்து வருஷமாகப் பாடம் நடத்துகிறாள். அப்படி ஒரு கடிதம் அவளுக்கு வந்ததில்லை.

அடுத்த ஆண்டு பள்ளியில் பௌதிக டீச்சர் இடம் காலியானது. மெஹருன்னிசா கொடுத்த விண்ணப்பத்தைத் திரிபுரசுந்தரி மேனேஜருக்கு அனுப்பாமல் தேர்வுத் தாள்களுக்கு அடியில் வைத்துவிட்டாள். கடைசித் தேதி போயிற்று. வேறொருத்தி வந்து சேர்ந்தாள்.

1988-ல் மெஹருன்னிசா இனிப்புப் பொட்டலத்தோடு அவளுடைய அறைக்கு வந்தாள். போட்ஸ்வானாவில் வேலை. அதுவும் வெள்ளைக்காரனிடமிருந்து விடுபட்ட நாடுதான். ஆனால் வைரம் எடுத்த பணத்தில் ரோடும் பள்ளிக்கூடமும் போடுகிறார்களாம், சம்பளம் மாதம் தவறுவதில்லையாம்.

"இங்க அந்த வேலை கிடைச்சிருந்தா நான் இந்த ஊரை விட்டு அனங்கியிருக்க மாட்டேன், டீச்சரே. எல்லாம் நல்லதுக்குத்தான்."

திரிபுரசுந்தரி தாள்களை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டாள். பிறகு கேட்டாள்: "அங்க இன்னும் ஆள் எடுக்கறாளா?"

"எடுக்குறாங்க. நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும்."

திரிபுரசுந்தரிக்கு ஐம்பது முடிந்திருந்தது.